யானையா, சேலையா

எங்கள் அப்பா கோயிலோடு பேச்சை முறித்துக்கொண்டது, பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய வருஷம். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில், பூசை என்றால் சாமியார் வைக்கும் பூசை. அதுவரை ஊரில் ஒருத்தருக்கும் புரியாமல் அமைதியாக நடந்துகொண்டிருந்த அது திடீரென்று எல்லாருக்கும் புரிய ஆரம்பித்தது. அப்பாவுக்கு அதுதான் ஆத்திரம். மீன் விற்கிறவளுக்குக்கூட விளங்குகிற பூசை என்ன பூசை என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவின் பிறந்த வீடு மீன் ஏலம் எடுக்கிற வீடு. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அப்பாவுக்குப் பிழைப்பு சங்குக் கிட்டங்கியில். கடலிலிருந்து வந்து குவிகிற சங்குகளை ரகம் பிரிக்கிற வேலை. ஒரு பலகையில் வட்டமாக ஓட்டை போட்டிருக்கும். சங்கை அதில் விட்டுப் பார்ப்பார்கள். ஓட்டைக்குள் நுழைந்து விழுந்தால் கழிவு, விழாமல் நின்றால் தேறியது. மனிதர்களையும் அப்பா அப்படியேதான் அளந்தார். யாராவது வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனால், வாசல் தாண்டுவதற்குள், "விழுந்துட்டான்" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் சிலர் காப்பி குடித்து முடிப்பதற்குள் விழுந்தார்கள்.

பிழைப்பு கிட்டங்கியில் என்றாலும் உயிர் கோயில் பாட்டில் இருந்தது. வாலிப வயதிலிருந்து பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஊர் அவரைப் பாட்டு அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஒரு வெள்ளைக்காரச் சாமியாரிடம் லத்தீன் பாட்டு கற்றுக்கொண்டவர். அர்த்தம் பாதிதான் தெரியும், உச்சரிப்பு முழுக்கத் தெரியும். எந்தப் 'ப'வை உதட்டால் தொட வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று பாடகர்களை வரிசையில் நிறுத்தி வாயைப் பார்ப்பார். தமிழில் ஒரே ஒரு 'ப'தான் இருக்கிறது என்று வருத்தப்பட்ட தூத்துக்குடிக்காரர் அவர் ஒருவர்தான்.

தமிழில் பூசை வைத்த முதல் ஞாயிறன்று பாதியில் எழுந்து வெளியே போனார். கோயில் முற்றத்துப் பூவரச மரத்தடியில், கோயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான். பூசைக்கு வராவிட்டால் பாவம், அதனால் வருவார். உள்ளே போனால் மானக்கேடு, அதனால் போகமாட்டார். உள்ளே சாமியார் தமிழில் சொல்ல, சனம் தமிழில் பதில் சொல்லும். அது அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து மரத்தடியிலிருந்து அதே பதில் லத்தீனில், நல்ல கட்டைக்குரலில் வரும். பிள்ளைகள் அதற்காகக் காத்திருந்து சிரிப்பார்கள். பங்குச் சாமியார் வயதானவர், காது மந்தம். அவருக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை.

எங்களுக்குத் தெரிந்தது. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரிடம் போய்ச் சொல்வதாக மிரட்டியும் பார்த்தாள். அப்பா அசையவில்லை. பாட்டும் நின்றது. குளிக்கும்போதுகூடப் பாடமாட்டார். வருஷக்கணக்கில் அந்தக் குரல் வீட்டுக்குள் கேட்கவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தம். அப்பாவின் குரல் எனக்கு வாய்க்கவில்லை, கோபம் மட்டும் வாய்த்தது. அதனால் வருத்தத்தைக் கோபமாகவே காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். புதுத் துறைமுக வேலைகள் நடந்துகொண்டிருந்த காலம். ஊரில் எங்கே பார்த்தாலும் லாரியும் கருங்கல்லும். எனக்கு ஒருவழியாக வேம்பாரில் மாப்பிள்ளை அமைந்தார். பள்ளிக்கூட வாத்தியார். பாடுவீரா என்று அப்பா கேட்டதற்கு, சுத்தமாக வராது என்று சொன்னார். வராததை வராது என்று சொல்கிற மனுஷன் என்று அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஓட்டையில் விழாமல் நின்ற முதல் ஆள்.

நிச்சயம் பண்ண வந்த வேம்பார்க்காரர்கள் ஒரு ஞாயிறு பூசைக்கு எங்களோடு வந்தார்கள். சம்பந்தி மரத்தடியில் உட்கார்ந்து தனியாக ஒரு பூசை நடத்துவதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மரியாதைக்காரி. என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணாச்சி நாசரேத்துப் புரொட்டஸ்டண்டுக்காரர்களோடு சேர்ந்து வேதம் மாறிவிட்டாரோ என்று மெதுவாகக் கேட்டாள். மாறியிருந்தால்கூடத் தேவலை என்று அம்மாவுக்குத் தோன்றியது. அப்படியாவது உட்கார ஓர் இடம் இருந்திருக்கும்.

கல்யாணத்தில் பெண்ணைக் கோயில் வாசல் நடையிலிருந்து பீடம்வரை அழைத்துப்போவது அப்பாவின் கடமை. அவர் இல்லாவிட்டால் தாய்மாமன். எங்கள் மாமன் கொழும்பில் இருந்தார், வரமுடியாத நிலைமை. அம்மா அப்பாவிடம் நேராகவே கேட்டாள். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"நடை வரைக்கும் நான் கூட்டிட்டு வாரேன். அதுக்கு மேல நீ கூட்டிட்டுப் போ."

நான் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தேன். "நீங்க நிக்க எடத்துல நானும் நிப்பேன்பா. ஒரு அடி உள்ள வைக்கமாட்டேன். மாப்பிள்ளை வேணும்னா வெளிய வந்து தாலி கட்டட்டும்."

சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போகாது. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரே வார்த்தையில் திட்டினாள். அதை இங்கே எழுத முடியாது.

இந்தச் சமயத்தில்தான் பழைய சாமியார் ஓய்வுக்குப் போய்ப் புதுச் சாமியார் வந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், இளவயது, ஜிப்பா, ஜோல்னா பை. கடலை அவர் அதற்குமுன் படத்தில் பார்த்திருக்கிறார். முதல் பிரசங்கத்திலேயே, இனி நம் கோயிலில் மண்ணின் இசை ஒலிக்கும் என்றார். இங்கே மண் எங்கே இருக்கிறது, எல்லாம் மணல்தானே என்று அம்மா என் காதில் சொன்னாள். ஆனால் மனுஷன் உண்மையானவர். சனம் வாயசைத்துவிட்டுப் போகக் கூடாது, தங்கள் பாட்டைத் தாங்களே பாட வேண்டும் என்று ஆசைப்பட்டார். லத்தீனை மட்டும் அவருக்குக் கண்டால் ஆகாது. சாமியாருக்குப் படித்த குருமடத்தில் அதற்காக வாங்கிய அடி அப்படி.

யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேசட் ரிக்கார்டர் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரையெல்லாம் அலைந்து அம்பாப் பாட்டு சேகரிக்கத் தொடங்கினார். அம்பா என்பது கடல்காரர்கள் வலையையோ நங்கூரத்தையோ இழுக்கும்போது பாடுவது. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் பாடிக்கொண்டே இழுப்பார்கள். கேட்டதை எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார். நான் டைப்பிஸ்ட், சுருக்கெழுத்தும் தெரியும், பாட்டு அண்ணாச்சி மகள், அதுவும் கோயிலுக்குள் வருகிறவள். என்னைப் பிடித்துக்கொண்டார்.

கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகிற தோணி ஒன்றின் தண்டல் எங்களுக்கு அறிமுகம். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். ஆள் குட்டை, குரல் நெட்டை. ஒரு சாயங்காலம் அவரையும் அவருடைய ஆட்களையும் கரையில் உட்காரவைத்துச் சாமியார் ரிக்கார்டரைத் திருகினார். தண்டல் பாடத் தொடங்கினார். முதல் அடியிலேயே நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். சாமியாருக்குக் கடல் பேச்சு விளங்கவில்லை. அருமை, அருமை என்று தாளம் போட்டார். ஆட்கள் என்னையும் பார்க்க முடியாமல் சாமியாரையும் பார்க்க முடியாமல் மணலைப் பார்த்தார்கள். கடைசியில் தண்டலே நிறுத்திவிட்டார்.

"சாமி, இது பூசைக்கு ஆவாது. இதக் கேட்டா மாதா எறங்கிப் போயிருவா."

இருக்கிறதில் நல்ல வார்த்தையாக ஒரு பாட்டு இல்லையா என்று சாமியார் கேட்டார். ஆட்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். ஒன்று இருக்கிறது என்றார் தண்டல். நங்கூரம் எடுக்கும்போது மட்டும் பாடுவது, அப்பன் பாட்டன் காலத்துப் பாட்டு, கரையில் பாடுகிற வழக்கமில்லை. அதில் கெட்ட வார்த்தை கிடையாது. நல்ல வார்த்தையும் கிடையாது. மொத்தத்தில் அர்த்தமே கிடையாது.

ஆனால் சும்மா நின்று பாட அவர்களுக்கு வரவில்லை. கை எதையாவது இழுத்தால்தான் வாய் திறக்கும். பக்கத்தில் கிடந்த பழைய வத்தைப் படகு ஒன்றில் வடம் கட்டி இழுத்துக்கொண்டே பாடினார்கள். தண்டல் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார், ஆட்கள் ஒவ்வொரு வரிக்கும் ஒரே பதிலைச் சொல்லி ஒரு இழுப்பு இழுப்பார்கள். என் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதினேன்.

சந்தை மாரியா. ரோசா மீசைக்காரா. தோமா சவுரியா. யானையா சேலையா. எல்லாவற்றுக்கும் பதில்: ஓரம் போறோம், நோவு வீசே.

சாமியாருக்கு முகமெல்லாம் ஒளி. திரும்பி வரும் வழியிலேயே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஓரம் போறோம் என்றால் கரையோரம் போகிறோம், மோட்சக் கரை. நோவு வீசே என்றால் வலையை வீசுகிற மாதிரி உன் நோவை வீசியெறி. அர்த்தம் இல்லை என்று சொல்கிறார்களே, இதைவிடப் பெரிய வேதசாஸ்திரம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றார். எனக்கும் கேட்கக் கேட்க உடம்பு சிலிர்த்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு அதுவே பிரசங்கம். சந்தை மாரியா என்றால் மீன் சந்தையில் நம் பெண்களோடு கூடை இறக்குகிற மாதா. மீன் விற்கிற பெண்கள் விசித்து அழுதார்கள். ரோசா மீசைக்காரர் மாதாவின் கணவர் சூசையப்பர், தச்சராக இருந்தாலும் மென்மையானவர். தோமாவும் சவுரியும் கடலில் உயிரைக் கொடுத்த இரண்டு மூதாதையர். அதில் சவுரி தன் பூட்டன்தான் என்று தண்டல் எழுந்து நின்று சொன்னார், சபை அவரைத் திரும்பிப் பார்த்து மரியாதை செய்தது. யானையா சேலையா என்பதற்கு மட்டும் சாமியார் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். உலகத்தின் பலம் வேண்டுமா, ஏழைத் தாயின் முந்தானை வேண்டுமா என்று நம்மை நோக்கி எழுப்பப்படும் கேள்வி அது என்றார். முந்தானைதான் என்று முன்வரிசையில் ஒரு கிழவர் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா அம்மாவிடம் கேட்டார். "லத்தீன வெளிய அனுப்பிட்டு யானைய உள்ள கூட்டிட்டு வாரானுவளோ?"

இந்தப் பாட்டை முதல்முதலாக என் கல்யாணப் பூசையில், பெண் நடந்து வரும்போது பாடுவது என்று சாமியார் முடிவு செய்தார். அம்மாவுக்கு அதில் சந்தோஷம், ஊரில் யாருக்கும் நடக்காத சிறப்பு. அப்பா கேள்விப்பட்டதும் நடை வரைக்கும் வருவதைக்கூட மறுபடி யோசிக்க வேண்டும் என்றார். நானும் மறுபடி யோசிக்கிறேன் என்று உள்ளிருந்து சொன்னேன். மாப்பிள்ளை வீட்டில் பந்தல்கால் நட்டாயிற்று.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு கோயிலுக்குள் ஒத்திகை. வடம் இல்லாமல் பாட வராது என்பதால் ஒரு தூணில் வடத்தைக் கட்டிக் கையில் கொடுத்திருந்தார்கள். பிரசங்க மேடையில் கட்டலாம் என்று முதலில் சொன்னதை நான்தான் தடுத்தேன். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த அப்பா, வழக்கம்போல மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தண்டல் எடுத்துக் கொடுக்க, ஆட்கள் இழுக்க, கோயில் அதிர்ந்தது.

நாலைந்து வரி போயிருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஏலே தண்டலு, இன்னொரு மட்டம் பாடு. மெதுவாப் பாடு."

தண்டல் பாடினார். ரோசா மீசைக்காரா. ஜன்னலுக்கு வெளியே நின்றபடி அப்பா அதே வரியைத் திருப்பிப் பாடினார், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் வாயில் உருட்டி. ரோசா மிஸ்திக்கா. பிறகு அந்தப் பதில். ஓரா ப்ரோ நோபிஸ்.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அது மாதா மன்றாட்டு மாலை. சின்ன வயசில் சாயங்காலம்தோறும் லத்தீனில் கேட்டதுதான். மாதாவை ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சனம் பதில் சொல்லும். ஆனால் அப்பா பாடுவது தாலாட்டு மாதிரி நீளமாக இருக்கும். இவர்கள் அதையே வெட்டி வெட்டி, நடுவில் மூச்சை வைத்து இழுத்தார்கள். ஒருத்தர் கூப்பிட எல்லாரும் பதில் சொல்கிற பாட்டு நங்கூரத்துக்கு வாகாக இருந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ கோயிலிலிருந்து தோணிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அது கடலில் கிடந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. சந்தை மாரியா, சாங்தா மரியா, புனித மரியாவே. ரோசா மிஸ்திக்கா, மறைபொருளான ரோசாவே. தோமா சவுரியா, தோமுஸ் ஔரேயா, பொன் ஆலயமே என்று பொருள்.

"அப்ப எங்க பூட்டன் யாரு அண்ணாச்சி?" என்றார் தண்டல். அவருக்கு அது நிஜமான அதிர்ச்சி.

"யானையா சேலையா?" என்று சாமியார் பலவீனமாகக் கேட்டார்.

"யானுவா சேலி. மோட்ச வாசலே." அப்பா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். "சாமி, நீங்க வெளிய தள்ளுனத இவனுவ வடம் கட்டி உள்ள இழுத்துட்டு வந்துட்டானுவ."

சாமியார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடிபட்டு அடிபட்டு லத்தீனில் தான் முதல் வகுப்பு வாங்கியவன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த மனுஷன் ஒளிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரிக்க ஆரம்பித்தார். எழுந்து ஜன்னலுக்குப் போய், உள்ளே வாருங்கள் ஐயா, நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்றார். எனக்குக் கல்யாணமே அந்த நிமிஷம் முடிந்தமாதிரி இருந்தது.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். வருகிறேன், ஆனால் சரியாகப் பாட வேண்டும். பதிலும் சரியாக வர வேண்டும். எல்லாருடைய வாயையும் பார்ப்பேன்.

தண்டல் வடத்தைக் கீழே போட்டார். அது முடியாது என்றார். சரியாகப் பாடினால் நங்கூரம் எழும்பாது. இந்தப் பாட்டைப் பாடித்தான் புயலில் அவருடைய அப்பா தோணியைக் காப்பாற்றியது, அப்போது மாதாவுக்குப் புரிந்தது இப்போது புரியாமல் போகுமா என்று கேட்டார். அப்பா மாதாவுக்கு உச்சரிப்பு முக்கியம் என்றார். மாதா என்ன லத்தீன்காரியா என்றார் தண்டல். சாமியார் நடுவில் நின்று, அவள் பேசியது இரண்டுமே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கலியாணம் எனக்கு. யானைக்கும் இல்ல, சேலைக்கும் இல்ல." சொல்லிவிட்டு அப்பாவுக்காகக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுதேன். அப்பா கொஞ்சம் பின்னால் நடந்து வந்தார். அடுத்து வந்த நாட்களில் யாரும் அதைப் பேசவில்லை. பேசினால் முடிவு தெரிந்துவிடும் என்று எல்லாருக்கும் பயம்.

கல்யாணத்தன்று காலை அப்பா பட்டுக்கரை வேட்டி கட்டி என்னைக் கூட்டி வந்தார். கோயில் நடை வந்ததும் நின்றார். நானும் நின்றேன். உள்ளே பீடத்தருகில் மாப்பிள்ளை கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றார். சனம் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. ஆர்மோனியக்காரர் தொடங்கினார், முடித்தார், மறுபடி தொடங்கினார். அம்மா முன்வரிசையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பீடத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து விறைத்திருந்தது எனக்கு நடையிலிருந்தே தெரிந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தபடி ஒரு காலைப் படியில் வைக்கப் போய், பின்னுக்கு எடுத்தார். உள்ளே போக அவருக்கும் ஆசைதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருஷம் வெளியே உட்கார்ந்தவர் என்ன காரணத்தைச் சொல்லிக் காலை எடுத்து வைப்பார்?

ஒத்திகையில் கட்டிய அதே தூணருகில் ஆட்களோடு வடத்தைப் பிடித்து நின்ற தண்டல் ஆரம்பித்தார். ஒத்திகையில் பாடியதைவிட மோசமாக, வேண்டுமென்றே வாயைக் கோணிக்கொண்டு.

ரோசா மீசைக்காரா.

ஆட்கள் பதில் சொல்வதற்குள் அப்பாவின் வாயிலிருந்து தன்னாலே வந்துவிட்டது. ரோசா மிஸ்திக்கா. வருஷக்கணக்காகப் பாடாத குரல், முதல் எழுத்தில் கொஞ்சம் உடைந்தது, பிறகு கோயில் முகடு வரை போயிற்று. ஓரம் போறோம், நோவு வீசே என்று ஆட்கள் இழுத்தார்கள். சனமும் சேர்ந்து சொன்னது. அந்த இழுப்பில் நாங்கள் ஒரு அடி உள்ளே இருந்தோம்.

தோமா சவுரியா என்றார் தண்டல், பூட்டனை விட்டுக்கொடுக்காமல். தோமுஸ் ஔரேயா என்று திருத்தினார் அப்பா. இன்னொரு அடி. யானையா சேலையா. யானுவா சேலி. தண்டல் கெடுத்துக் கெடுத்துக் கொடுக்க, அப்பா திருத்தித் திருத்தி நடந்தார். தப்பைத் திருத்தப் போகிறோம் என்ற எண்ணத்தில் அவருக்குக் கால் போவதே தெரியவில்லை. நான் மூச்சுக்கூட விடாமல் கூடவே போனேன், உள்ளே நடப்பது எங்கே அவருக்கு நினைவு வந்துவிடுமோ என்று.

பாதி வழியில் தண்டலுக்கு வரி தீர்ந்துபோயிற்று. நங்கூரத்துக்குத் தேவையானவரைதான் அவருக்குப் பாடம். பீடத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. அவர் ஒரு கணம் முழித்தார். பிறகு மீன் பேரைச் சொல்ல ஆரம்பித்தார். சீலா மாவுலா என்றார், அதே ராகத்தில். அப்பா கொஞ்சமும் தயங்காமல் அதற்கும் லத்தீன் கண்டுபிடித்தார். ஸ்தெல்லா மாத்துத்தீனா, விடியற்கால நட்சத்திரமே. சனத்தில் பாதிப்பேர் சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். சாமியார் பீடத்தில் சிலுவையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், முதுகு குலுங்கியது. ஊளி, வாளை, திருக்கை எல்லாம் போயிற்று. அப்பா எதையும் விடவில்லை.

பீடத்துப் படிக்கு வந்துவிட்டோம். தண்டலுக்கு மீனும் தீர்ந்தது. அவர் வடத்தைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தார். பிறகு கோணல் இல்லாமல், நல்ல குரலில் கூப்பிட்டார்.

"எங்க பாட்டு அண்ணாச்சி."

அப்பா வாயைத் திறந்தார். அதில் திருத்த ஒன்றும் இல்லை. திறந்த வாயோடு சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. கோயில் முழுக்க அவருக்காகவே பதில் சொன்னது, ஓரம் போறோம், நோவு வீசே என்று. அது முடியவில்லை, இரண்டாம் தரம் எழும்பியது, அதில் அப்பாவின் குரலும் இருந்தது. அவர்கள் சொன்னபடியே, தப்போடேயே பாடினார். நோவு வீசே என்று முழுத் தொண்டையில் பாடினார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா என் கையை மாப்பிள்ளை கையில் வைத்தார். பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று மாப்பிள்ளை நினைத்துவிட்டார். வேம்பாருக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது என்று என் காதில் சொன்னார்.

அப்பா திரும்பினார். வெளியே போகவில்லை. ஆண்கள் பக்கம் எது, பெண்கள் பக்கம் எது என்றுகூட மறந்துபோய், முன்வரிசையில் பெண்களுக்கு நடுவே அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பெண்கள் சிரித்தார்கள். அம்மா அவரைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டாள்.